பக்கத்து எஞ்சினைக் கேட்பதா, கேஜைக் கேட்பதா?

நீலகிரியில் அணைத் தேக்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு எஞ்சின் மாட்டிய படகு இங்கே அபூர்வம். அப்படி ஒன்று போன வருஷம் பழுது பார்க்க என் கைக்கு வந்தது. பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) இரண்டு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக். முழு த்ராட்டிலில் இடது எஞ்சின் 4,700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தொட்டது. வலது 4,000-ஐத் தாண்டவில்லை. படகு வலப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது.

"வலதுக்கு ரிங் போயிடுச்சாம்ணா. இறக்கிப் பிரிக்கணுமாம்" என்றார் படகோட்டி. ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையம். எனக்கு முன்னால் வந்த மெக்கானிக், சிலிண்டருக்குள் அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது.

இந்த மாதிரிக் கோளாறைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கேஜ் வைத்து அளந்து, வந்த எண்ணைப் புத்தகத்து எண்ணோடு ஒப்பிடுவது. இன்னொன்று, இடது எஞ்சினின் பாகத்தை வலதுக்கும் வலதினுடையதை இடதுக்கும் மாற்றிப் போட்டு, கோளாறு பாகத்தோடு நகர்கிறதா, எஞ்சினோடு நிற்கிறதா என்று பார்ப்பது. நான் இரண்டாவது கட்சி. மலை என்றால் இன்னும் பிடிவாதமான கட்சிக்காரன்.

அந்த மெக்கானிக் அளந்ததில் தப்பில்லை. வலது எஞ்சினின் இரண்டு சிலிண்டரிலும் 97, 96 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வந்திருந்தது. அவர் மனதில் இருந்தது 125 என்ற கடற்கரைக் கணக்கு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, படகு ஓடும் தேக்கமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். சிலிண்டருக்குள் நுழையும் காற்றே குறைவு என்றால், அமுக்கும்போது வரும் எண்ணும் குறையத்தானே செய்யும்? தூத்துக்குடியில் 125 காட்டும் ஆரோக்கியமான எஞ்சின் இங்கே 96-ஐ ஒட்டித்தான் காட்டும். சந்தேகத்துக்கு இடது எஞ்சினிலும் கேஜை மாட்டினேன்: 98, 96. நன்றாக ஓடுகிற எஞ்சினுக்கும் ரிங் போய்விட்டதா என்ன?

பிளக் நிறமும் இப்படித்தான் ஏமாற்றும். உயரம் கூடக் கூட காற்று மெலிகிறது. கார்புரேட்டரோ பழையபடியே பெட்ரோலை விடுகிறது, கலவை கெட்டியாகிவிடுகிறது. பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் கீழிருந்து கொண்டுவந்த எஞ்சினில் பிளக் கறுத்துத்தான் இருக்கும். இரண்டு எஞ்சினிலும் கறுப்பு என்றால் அது மலையின் வேலை. ஒன்றில் மட்டும் கறுப்பு என்றால்தான் விசாரிக்க வேண்டும். ப்ரொப்பல்லரும் அப்படியே. கடலோரத்தில் பொருந்திய பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரக் கணக்கு) இங்கே பளுவாகி, இரண்டு எஞ்சினுமே சொன்ன ஆர்பிஎம்மை எட்டாது. இந்த மலைக் குறைகள் எல்லாம் இரண்டுக்கும் பொது. பக்கத்து எஞ்சினோடு ஒப்பிட்டால் அவை தாமாகக் கழிந்துபோகின்றன. புத்தகத்தோடு ஒப்பிட்டால் கழிவதில்லை.

சரி, மாற்றிப் போட ஆரம்பித்தோம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருள்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று அப்புறம் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டிப் பார்ப்பது ஒரு எஞ்சினை மட்டும் போட்டு, மற்றதை நீருக்கு மேல் தூக்கிவிட்டு. இரண்டும் சேர்ந்து ஓடினால் பலமானது பலவீனமானதன் சுமையையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், எண்கள் குழம்பும். தனியாக ஓடும்போது ஆர்பிஎம் குறைவாகத்தான் வரும், ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறோம்.

முதலில், எஞ்சின் நிற்கும்போதே மூடியைக் கழற்றி, லீவரை முழுக்கத் தள்ளினால் இரண்டு பக்கமும் த்ராட்டில் முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. கேபிள் இழுபட்டு முக்கால் திறப்பில் நின்ற எஞ்சினை ஓவராயில் செய்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரின் வயர்களை மாற்றினோம். குறைவான எண் வலது எஞ்சினோடே நின்றது, ஆகவே மீட்டர் பொய் சொல்லவில்லை. ப்ரொப்பல்லரை மாற்றினோம், அப்போதும் வலதுதான். ஆர்பிஎம் ஏறியும் படகு நகராமல் இருந்திருந்தால் ப்ரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் ரப்பர் ஹப் வழுக்குகிறதா என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பார்த்திருப்பேன். இங்கே நேர் எதிர்: ஆர்பிஎம்மே ஏறவில்லை.

அப்புறம் பெட்ரோல் குழாய்கள். இரண்டு எஞ்சினுக்கும் தனித்தனி டாங்க். குழாய்களை எஞ்சின் பக்கம் மாற்றிச் செருகி ஓட்டினோம். வலது எஞ்சின் எழுந்தது, இடது சோர்ந்தது. படகோட்டி சிரித்துவிட்டார்.

சோர்வு டாங்கோடு இடம் மாறிவிட்டது. அந்த டாங்கின் குழாய் நடுவில் இருக்கும், கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பைத் தொட்டுப் பார்த்தேன். முழு வேகத்தில் உள்வாங்கித் தட்டையாகிக் கிடந்தது. பல்பு தட்டையானால் அடைப்பு அதற்கு முன்னால், டாங்க் பக்கம் என்று அர்த்தம். உருண்டையாக, தொளதொளவென்று இருந்தால் பம்பையோ காற்றுக் கசிவையோ தேடலாம். டாங்குக்குள் உறிஞ்சும் குழாயின் நுனி வலையில் பழைய பெட்ரோலின் வழவழப்பும் துருவும் சேர்ந்து அப்பியிருந்தன. மழைக்காலம் முழுக்கப் படகு சும்மா நின்றிருக்கிறது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்த ஊர்ப் பனியில் கேட்கவா வேண்டும்?

மாற்றிப் போடுவதும் எல்லா இடத்திலும் ஜெயிக்காது. பெரிய எஞ்சின்களில் ஒன்று வலம் சுழலும், மற்றது இடம் சுழலும். அங்கே ப்ரொப்பல்லரை மாற்ற முடியாது. ஷார்ட் ஆன மின்பாகத்தைக் கொண்டுபோய் நல்ல எஞ்சினில் மாட்டினால் அதையும் சாப்பிட்டுவிடும், அங்கே மீட்டர்தான். பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றிப் போடும் சரக்கும் இல்லை. அங்கே கேஜே ராஜா. ஆனால் அப்போதும் சிலிண்டருக்குச் சிலிண்டர், எஞ்சினுக்கு எஞ்சின் பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், புத்தகத்து எண்ணை ஓரமாக வையுங்கள். இஎஃப்ஐ எஞ்சின் (கார்புரேட்டர் இல்லாமல் மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிப்பது) என்றால் ஸ்கேனர் நல்ல துணை. அதுவும் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும், வலை அடைத்திருக்கிறது என்று சொல்லாது.

புதுப் பாகமாக வாங்கி மாட்டிப் பார்க்கும் மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. கோவையிலிருந்து பார்சல் ஏறி வரும் வரைக்கும் படகு கட்டிக் கிடக்கும், பணம் மட்டும் ஓடும்.

வலையைக் கழுவி, டாங்கைக் காலி செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றினோம். வலது 4,650 வந்தது. மீதி 50-ஐ நான் தேடவில்லை.