பைத்தான் 3.8-லிருந்து 3.12-க்குத் தாவி ஒன்றரை வருடம் ஆகிறது

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியின் 3.8 வெர்ஷனுக்கு 2024 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அதற்குச் சில மாதம் முன்னால்தான் எங்கள் சர்வீஸை 3.12-க்கு மாற்றினோம். "ஓடுவதைத் தொடாதே" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டதால், நான்கு வெர்ஷன்களின் மாற்றங்களும் ஒரே நாளில் தலையில் இறங்கின.

முதல் நாள் வந்தவை எல்லாம் கத்திக்கொண்டு வந்தவை. பேக்கேஜ்களைக் கட்டி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸை 3.12-ல் நீக்கிவிட்டார்கள். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனியாக அமைக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்டில், அதே வேலையைச் செய்யும் செட்டப்டூல்ஸும் இப்போது தானாக வருவதில்லை. அதைத் தனியாக நிறுவியதும் பழைய பேக்கேஜ்கள் அடங்கின. 'கலெக்‌ஷன்ஸ்.மேப்பிங்' என்ற பழைய பெயர் 3.10-லேயே போய்விட்டது, 'கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி' என்று மாற்றினால் முடிந்தது. டெஸ்ட்களில் நூற்றுக்கணக்கில் கிடந்த 'அசெர்ட்ஈக்குவல்ஸ்' என்ற பழைய பெயரும் இப்போது இல்லை. தேடி மாற்ற ஐந்து நிமிடம். இத்தனைக்கும் சேர்த்து இரண்டு நாள்தான் ஆனது.

இரண்டு வாரத்தைத் தின்றது வேறொன்று. சி மொழியில் எழுதிய ஒரு சின்ன லைப்ரரிக்கு 3.12-க்கான வீல், அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்த பேக்கேஜ், இல்லை. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் அதைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யப் பார்த்தது, முடியாமல் விழுந்தது. எழுதியவர் எப்போதோ கைவிட்டுவிட்ட லைப்ரரி. கடைசியில் அதைத் தூக்கிவிட்டு, அது செய்த வேலையை நாங்களே எழுதினோம். அப்கிரேடு செய்ய நினைப்பவர்கள் தங்கள் புரோகிராமைப் பார்ப்பதற்கு முன் இந்த ஜாதி லைப்ரரிகளை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

இனி ஊமைக்காயத்துக்கு வருகிறேன். ஆர்டரின் நிலையைக் குறிக்க ஸ்ட்ரிங்கையும் (எழுத்துச் சரம்) ஈனமையும் (பெயரிட்ட சில மதிப்புகளின் பட்டியல்) சேர்த்து ஒரு கிளாஸ் வைத்திருந்தோம். பணம் கட்டியாகிவிட்டது என்பதற்கு அதன் மதிப்பு 'பெய்ட்'. தினமும் வேறொரு சிஸ்டத்துக்கு அனுப்பும் சிஎஸ்வி ஃபைலில், மதிப்பை எழுத்துக்குள் பதிக்கும் எஃப்-ஸ்ட்ரிங் வழியாக இந்த மதிப்பு போய் உட்காரும். 3.8-ல் 'பெய்ட்' என்றுதான் விழுந்தது. 3.11-லிருந்து இப்படிப்பட்ட ஈனமை எஃப்-ஸ்ட்ரிங்கில் போட்டால் கிளாஸ் பெயரோடு சேர்த்து 'ஸ்டேட்டஸ்.பெய்ட்' என்று வருகிறது. எர்ரர் கிடையாது, வார்னிங்கும் கிடையாது.

டெஸ்ட்கள் ஏன் பிடிக்கவில்லை? அவை எல்லாம் மதிப்பைச் சமமா என்று ஒப்பிட்டுப் பார்த்தன. அந்த ஈனம் உள்ளுக்குள் இன்னும் ஸ்ட்ரிங்தான் என்பதால் ஒப்பீடு சரியாகவே வந்தது. எழுத்தாக மாறும் இடத்தில் மட்டும் ஆள் மாறிவிட்டான். மூன்று நாள் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து "உங்கள் ஆர்டர் ஒன்றுகூட பணம் கட்டியதாகக் காட்டவில்லையே" என்று கேட்டார்கள். இப்படி எழுத்தாகும்போது மதிப்பை மட்டும் தருவதற்காகவே 3.11-ல் ஸ்ட்ர்ஈனம் என்ற தனி வகை வந்திருக்கிறது. ஆனால் சில சர்வர்களில் பழைய வெர்ஷன் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், எல்லா இடத்திலும் மதிப்பை மட்டும் எடுக்கும் 'டாட் வேல்யூ' என்று வெளிப்படையாக எழுதிவிட்டோம். அழகில்லைதான், ஆனால் எந்த வெர்ஷனிலும் ஒரே விடை.

ஒரு பழைய மெயில் சர்வரோடு இணைப்பும் அறுந்தது. 3.10-லிருந்து டிஎல்எஸ் என்ற இணைப்புக் குறியாக்கத்தில் 1.2-க்குக் கீழே இயல்பாக இறங்குவதில்லை. அந்த சர்வருக்கோ 1.0 மட்டும்தான் தெரியும். அவர்கள் மாற்றும்வரை அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் தனி செட்டிங் வைத்தோம்.

வேகத்துக்கு வருவோம். 3.10-ஐ விட 3.11 சராசரியாக 25 சதவீதம் வேகம், புரோகிராமைப் பொறுத்து 10 முதல் 60 சதவீதம் வரை போகலாம் என்று பைத்தானின் ஆவணங்களே சொல்கின்றன. எங்கள் வெப் ரிக்வெஸ்ட்களில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவை பாதி நேரம் டேட்டாபேஸின் வாசலில் காத்து நிற்பவை. நம்பை என்ற எண்கணித லைப்ரரியின் கணக்குகளும் அப்படியே. அங்கே லூப் ஓடுவது சி-யில். பலன் கிடைத்தது ராத்திரி ஓடும் லாக் பார்சருக்கு. முழுக்க பைத்தானிலேயே எழுதியது. சின்னச் சின்ன ஃபங்ஷன்களும், எர்ரர் வந்தால் பிடிக்கும் ட்ரை பிளாக்குகளும் நிறைந்தது. 3.11-ல் ட்ரை பிளாக்குக்குள் எக்ஸெப்ஷன் எழாவிட்டால் ஏறக்குறைய செலவே இல்லை. ஒரே வகை மதிப்புகள் திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் புரோகிராமை ஓட்டும் இன்டர்பிரெட்டரே அந்தக் கட்டளையை அந்த வகைக்கென்று மாற்றிக்கொள்கிறது. 50 நிமிடம் ஓடியது 36 நிமிடத்தில் முடிந்தது.

இந்த எண்ணை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. பழைய 3.8 நாங்களே சோர்ஸிலிருந்து கட்டியது. வேகம் கூட்டும் ஆப்டிமைசேஷன் ஃபிளாக் போடாமல் கட்டியிருந்தோம். புதியதோ ஒழுங்காக ஆப்டிமைஸ் செய்து கட்டப்பட்ட இமேஜ் (தயார் நிலையில் கிடைக்கும் தொகுப்பு). 3.8-ஐயே ஃபிளாக்கோடு மறுபடி கட்டி ஓட்டினால் 43 நிமிடம். ஆக, மிச்சமான 14 நிமிடத்தில் பாதி, புதிய வெர்ஷனின் புண்ணியமே இல்லை. அந்த வேகத்தை நாங்கள் எப்போதோ இலவசமாக எடுத்திருக்கலாம்.

ஆனால் எண்ணில் வராத ஒன்றுக்காகவே நான் பழையதற்குத் திரும்பமாட்டேன். எர்ரர் வந்தால் காட்டும் டிரேஸ்பேக்கில் எந்த வரி என்பதோடு, வரிக்குள் எந்தத் துண்டு என்பதையும் அடிக்கோடிட்டுக் காட்டுவது 3.11-ல் வந்தது. நாலடுக்கு டிக்‌ஷனரியில் எந்த அடுக்கு 'நன்' (மதிப்பில்லை) ஆனது என்று பிரின்ட் போட்டுத் தேடிய ராத்திரிகள் எத்தனை!

சின்ன எரிச்சல் ஒன்று: பின்சாய்வுக் கோட்டை அப்படியே விடும் ரா ஸ்ட்ரிங் ஆக்காமல் விட்ட ரெகுலர் எக்ஸ்பிரஷன்களுக்கு (எழுத்தைத் தேடும் வடிவங்கள்) 3.12 கண்ணில் படும்படி வார்னிங் தருகிறது. கம்பைல் ஆகும்போது மட்டும் வருவதால் என் லேப்டாப்பில் ஒரு முறை தலைகாட்டிவிட்டு மறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக எழும் கன்டெய்னரில் லாக் முழுக்க அதுதான்.

அடுத்து 3.13. பழைய மாட்யூல்கள் 19 அதில் இல்லை. அதில் பழைய வெப் புரோகிராம்களுக்கான 'சிஜிஐ' மட்டும் எங்களிடம் ஒரு மூலையில் கிடக்கிறது. 'இது பின்னால் போய்விடும்' என்று எச்சரிக்கும் டெப்ரிகேஷன் வார்னிங்குகள் பெரும்பாலும் கண்ணில் படாமல் மறைந்தே இருப்பதால், இப்போது டெஸ்ட்களை ஓட்டும்போது எல்லா வார்னிங்கையும் எர்ரராக்கிவிட்டோம். முதல் ஓட்டத்தில் சிக்கியது, டைம்ஸோன் ஒட்டாமல் யுடிசி நேரத்தைத் தரும் 'யுடிசி நவ்', அதுவும் 61 இடங்களில். நேற்று ஒரு ஃபைலில் அதைத் தூக்கிவிட்டு டைம்ஸோனோடு கூடிய நேரத்தைப் போட்டேன். பழைய நேரத்தோடு ஒப்பிடும் வரியில் உடனே டைப்எர்ரர் விழுந்தது. அப்பாடா, இதாவது கத்துகிறதே என்று இருந்தது.