தாங்கிக்குள் ஒரு சென்சர்: ரூப்கோனாவில் மூன்று வருட டீசல் கணக்கு

ரூப்கோனாவில் நாங்கள் இருந்த நிவாரணக் கள நிலையத்தின் டீசல் தாங்கிக்கு 2019 மார்ச்சில் மட்டம் காட்டும் சென்சர் பூட்டினார்கள். 2022 ஜூனில் நான் பொறுப்பைக் கையளித்துவிட்டு வந்தேன். அந்த மூன்று வருடமும் எரிபொருள் கணக்கு என் தலையில்தான். நிவாரண வேலையில் இருக்கும் நண்பர்கள் சிலர் "அதை வாங்கலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா" என்று இன்னும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே தடவையில் இங்கே எழுதிவிடுகிறேன். கொம்பனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தச் சாமானைப் பலர் விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

ரூப்கோனா தென் சூடானின் வடக்கே யூனிட்டி மாநிலத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு மறுகரையில் பெந்தியு நகரம். அந்த மாநிலத்தின் நிலத்துக்குள் மசகு எண்ணெய் (கச்சா எண்ணெய்) கிடக்கிறது. அது குழாய் வழியாக வடக்கே சூடானைக் கடந்து செங்கடல் துறைமுகத்துக்குப் போகிறது. எங்களுக்கு வேண்டிய டீசலோ மொம்பாசாவில் இறங்கி, கென்யாவையும் உகண்டாவையும் தாண்டி, நிமுலே எல்லை வழியாகத் தலைநகர் ஜூபாவுக்கு வரும். அதுவே ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஜூபாவிலிருந்து எங்கள் பக்கம் வருவதற்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பாதை. மே மாதம் மழை பிடித்ததும் அந்தக் கறுப்புக் களிமண் டீசல் கொண்டுவரும் பவுசர் லொறியின் சில்லை விழுங்கிவிடும். ஆகவே கோடையில் வாங்கி வைப்பதுதான் மழைக்காலச் சாப்பாடு. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை. துளி பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு லீற்றருக்கு என்ன மதிப்பு என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

எங்களிடம் இருந்தது படுக்கைவாட்டு உருளைத் தாங்கி ஒன்று, 10,000 லீற்றர். 60 கேவிஏ ஜெனரேற்றர் ஒன்று, மூலையில் சும்மா கிடந்த 20 கேவிஏ ஒன்று, ஐந்து லாண்ட் குரூசர்கள். படகுக்கான பெற்றோல் தனியாகப் பரல்களில். சென்சர் வருவதற்கு முன் மூன்று எண்களை வைத்துக் கணக்குப் பார்ப்போம்: அளவு பொறித்த கோலைக் காலையில் தாங்கிக்குள் விட்டுப் பார்க்கும் அளவு, பம்பில் இருக்கும் மீற்றர், ஜெனரேற்றர் ஓடிய மணித்தியாலமும் வாகனங்களின் கிலோமீற்றரும் எழுதிய புத்தகம். மூன்றும் ஒருநாளும் ஒத்துவராது. ஒத்துவந்தால் யாரோ இருந்த இடத்திலிருந்து புத்தகத்தை நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சென்சரைப் பூட்ட வந்தவர் இரண்டு மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டார். தாங்கியின் மேற்பக்கம் ஒரு துளை, உள்ளே நிலைக்குத்தாக இறங்கும் உலோகக் குழாய், மேலே தரவை அனுப்பும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். மட்டத்தை லீற்றராக மாற்றும் அட்டவணையைக் கேட்டபோது "அது சிஸ்டத்தில் இருக்கிறது" என்றார். இருந்தது, ஆனால் சதுரத் தாங்கிக்குரிய அட்டவணை. படுத்த உருளையில் பாதி உயரம் என்றால் பாதி கொள்ளளவு, அது சரி. கால்வாசி உயரத்தில் இருப்பதோ கால்வாசி இல்லை, இருபது வீதத்துக்கும் சற்றுக் குறைவு. பத்தாயிரம் லீற்றர் தாங்கியில் 2,500 என்று திரை காட்டும்போது உள்ளே 1,955தான். மழைக்காலத்தின் கடைசி மாதத்தில், கையிருப்பு ஆகக் குறைந்திருக்கிற நேரத்தில், 545 லீற்றர் இருப்பதாக நினைத்து இல்லாமல் போவது என்றால் யோசித்துப் பாருங்கள். தாங்கி வெறுமையாக இருந்த ஒரு நாளில் 200 லீற்றர் 200 லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கோல் விட்டு, எங்கள் அட்டவணையை நாங்களே போட்டோம். ஒரு முழுநாள் போனது. நீங்கள் வாங்கினால் இந்த ஒருநாளை ஒதுக்காமல் வாங்காதீர்கள்.

அட்டவணை சரியான பிறகு வந்த வரைபடத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். யாரும் டீசல் எடுக்காத ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தக் கோடு மெல்ல ஏறி இறங்கும். பின்னேரம் உயரும், விடிய முன் தாழும். தாங்கி மூச்சு விடுகிறது என்போம். டீசல் ஒரு பாகை சூட்டுக்கு ஆயிரத்தில் 0.8 பங்கு அளவில் விரியும். தாங்கி வெயிலில் நின்றால் நாளுக்கு இருபது, முப்பது லீற்றர் இப்படி வந்து போகும். அதற்கு முன் ஒருநாள் காலை ஆறு மணிக்கும் மறுநாள் மத்தியானமும் என்று கண்ட நேரத்தில் கோல் விட்டுக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து காலை ஆறு மணி மட்டும்தான்.

இனி அந்த 2020 செப்டெம்பர் கதை.

மாத முடிவில் கோல் அளவு புத்தகத்தைவிட 220 லீற்றர் குறைவு. ஒரு பரலுக்கு மேல். பெந்தியு சந்தையில் மழைக்கால விலையில் அது சிறிய காசில்லை. ஜூபாவில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது, இரவு ஜெனரேற்றர் பார்ப்பவரை விசாரிக்கச் சொல்லி. அவர் ஐம்பது வயது தாண்டியவர், அந்தப் பகுதியின் நுவேர் இனத்தவர், பிள்ளைகளோடு சனம் தஞ்சமிருந்த ஐ.நா. பாதுகாப்பு முகாமில் இருந்தவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோபப்படவில்லை. "தாங்கி உங்களுடையது, கோல் உங்களுடையது, கணக்கும் உங்களுடையது. நான் சத்தத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்சரைப் போய்ப் பார்த்தால் அது புத்தகத்தைவிட 220 லீற்றர் கூடுதலாகக் காட்டியது! கோலுக்கும் சென்சருக்கும் 440 லீற்றர் வித்தியாசம். சென்சர் பழுது என்று ஜூபாவில் முடிவு கட்டினார்கள். நான் அந்த எண்ணை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்தேன். முப்பது இரவுகள். ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நாள்தாங்கிக்கு டீசல் விடுகிற நேரங்களில் படி இறங்குகிறது, மற்ற நேரம் மட்டமாகப் போகிறது. நடுச்சாமத்தில் ஒரு கான் எடுத்திருந்தால்கூட ஒரு சின்னப் பல் தெரியும். அப்படி ஒரு பல்லும் இல்லை.

பிறகுதான் தாங்கியைத் தள்ளி நின்று பார்த்தேன். ஊரில் மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பிடிக்கிற மாதிரி, தெளிவான ரியூப்பில் தண்ணீர் விட்டு இரண்டு முனையிலும் பிடித்தோம். சென்சர் இருந்த முனை நான்கு விரல் தாழ்ந்திருந்தது. மழையில் ஊறிய களிமண் ஒரு பக்கம் அமிழ்ந்து, தாங்கி சரிந்துவிட்டது. டீசல் அந்தப் பக்கம் கூடி நிற்கிறது. கோல் விடும் துளை மறுமுனையில். ஒன்று கூடக் காட்டும், மற்றது குறையக் காட்டும், நடுவில் எடுத்தால் புத்தகம் சொன்ன அளவு. ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே கொங்கிரீட் பலகை போட்டதும் மூன்று எண்களும் ஒன்றையொன்று நெருங்கின. விசாரணைக் கோப்பை மூட ஜூபாவுக்கு இன்னும் ஆறு வாரம் எடுத்தது. அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாஃபி முஷ்கிலா" என்றார். பிரச்சினை இல்லை என்று அர்த்தம். இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தச் சென்சரை வாங்கும் ஆட்கள் எல்லாரும் கள்ளனைப் பிடிக்கத்தான் வாங்குகிறார்கள், விற்பவர்களும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். மூன்று வருடத்தில் எங்கள் ஆட்களில் ஒருவரையும் அது பிடித்துத் தரவில்லை. ஒருவரைக் காப்பாற்றியது. என்னைக் கேட்டால் அந்த ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

அதற்கு ஏமாறவும் தெரியும். ஒரு பெருமழை இரவுக்குப் பிறகு, பவுசர் எதுவும் வராமலே டீசல் பல நூறு லீற்றர் கூடியிருந்தது. தண்ணீர்தான். மூடியின் வளையம் வெடித்து மழை உள்ளே போயிருந்தது. இவ்வகைச் சென்சர் மின்தேக்கம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் அளவு, பார்த்து மட்டம் சொல்வது. டீசலும் தண்ணீரும் மின்சாரத்துக்குக் காட்டும் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலே அது குழம்பிவிடும். கோலின் நுனியில் தண்ணீர் காட்டும் பசை பூசி இறக்கினோம், நிறம் மாறி வந்தது. வடித்துவிட்டோம். வடிக்காமல் விட்டால் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளிபோல் வடிகட்டியை அடைக்கும். தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கிற ஜெனரேற்றர் நடு இரவில் இருமத் தொடங்கினால் அப்புறம் நித்திரை இல்லை. அந்தப் பசைக் குழாய் மலிவான சாமான். சென்சரை வாங்க அனுமதி கிடைக்காவிட்டாலும் அதை வாங்குங்கள்.

காசு மிச்சமானது எதிர்பாராத இடத்தில். இரவில் எங்கள் நிலையத்தில் ஓடுவது குளிர்பெட்டிகளும் வானொலித் தொடர்பும் பத்துப் பதினைந்து விளக்குகளும்தான். அதற்கு 60 கேவிஏ இயந்திரம் மணிக்கு நான்கு லீற்றர் குடித்துக்கொண்டிருந்தது. கோட்டின் சரிவைப் பார்த்துத்தான் தெரிந்தது. மூலையில் கிடந்த சின்ன ஜெனரேற்றரைத் திருத்தி ஓடவிட்டால் அதே வேலைக்கு இரண்டரை லீற்றர். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு 18 லீற்றர், மாதம் 500 லீற்றருக்கு மேல். பெரிய இயந்திரம் பாரமில்லாமல் ஓடி ஓடிப் புகைக்குழாயில் ஈரக்கரி வடித்துக்கொண்டிருந்ததும் நின்றது. இத்தனை வருடம் யார் திருடுகிறார்கள் என்று தேடிய ஆட்கள் நாங்கள்!

பவுசர் விடயத்திலும் உதவியது. 8,000 லீற்றர் பற்றுச்சீட்டோடு வந்த பவுசர் இறக்கி முடித்தபோது தாங்கியில் ஏறியது 7,600. பவுசரில் பூட்டி வந்து நாங்கள் பிடுங்கின முத்திரைகளின் எண் சரி, பம்ப் மீற்றரும் சென்சரின் பக்கம். சாரதி கடதாசியை நீட்டிக்கொண்டு நின்றார். பவுசர் மெல்லிய சரிவில், டீசல் இறக்கும் வாய் மேட்டுப்பக்கம் இருக்கும்படி நின்றிருந்தது. திருப்பி நிறுத்தச் சொன்னதும் இன்னும் 270 லீற்றர் வந்தது. ஜூபாவில் மத்தியான வெயிலில் ஏற்றி, எங்களிடம் விடியப்புறம் இறக்கினால் குளிர்ந்து சுருங்குவதில் எண்பது லீற்றர் வரை போகும். மிச்ச ஐம்பதுக்கு நானும் அவரும் தேநீர் குடித்தபடி ஒரு மணித்தியாலம் வாதாடி, கிடைத்த அளவை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டோம். சென்சர் இல்லாத காலத்தில் 8,000க்கே கையொப்பம் போட்டிருப்பேன், பிறகு மாத முடிவில் இரவுக் காவலாளியை முறைத்துப் பார்த்திருப்பேன்.

வாகனங்களுக்கும் பூட்டினோம். வீண். அந்தப் பாதையில் டீசல் தாங்கிக்குள் குலுங்குவதும், சரிவில் நிறுத்தினால் மட்டம் மாறுவதும் எல்லாம் "களவு" என்று தொலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும். ஒரு கிழமையில் நாற்பது எச்சரிக்கை வந்தால் நாற்பத்தோராவதை யார் பார்ப்பார்? ஒவ்வொரு தடவையும் தாங்கியை முழுதாக நிரப்பி, கிலோமீற்றரை எழுதிக் கணக்குப் பார்ப்பதே போதும்.

வலையமைப்பு பற்றியும் கேட்கிறார்கள். அங்கே சிக்னல் நினைத்தால் வரும். பெட்டி தரவைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். எங்களுடையது அப்படி, அதனால் பிழைத்தோம். வருடச் சந்தாவை ஜூபா கட்ட மறந்த இரண்டு மாதமும் திரை வெறுமை. அதற்காகத்தான் கோலை ஒருநாளும் நிறுத்தவில்லை.

2021 வெள்ளம் வந்தபோது எல்லாமே மாறிவிட்டது. பெந்தியுவையும் ரூப்கோனாவையும் சுற்றி மண் அணைகள் கட்டி, அதற்குள் சனம் இருந்தது. பாதை தண்ணீருக்கடியில். டீசல் பரல்களாகப் படகில் வந்தது. பரலுக்குள் சென்சர் ஏது? எண்ணி, தட்டிப் பார்த்து, சாய்த்து அளந்து, வெள்ளைச் சோக்கால் இலக்கம் எழுதினோம். அணையில் தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கும் டீசல் வேண்டும், அவை நின்றால் மிச்ச எல்லாம் நிற்கும். அந்த மாதங்களில் அலுவலக வாசலில் கையிருப்பு எழுதும் பலகையையும் அழித்துவிட்டோம். எவ்வளவு இருக்கிறது என்று தெருவில் போகிற எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஆயுதத்தோடு போகிறவர்களுக்கு இன்னும் தேவையில்லை.

பொறுப்பைக் கையளித்த காலையில் புதியவரோடு கடைசியாகக் கோல் விட்டேன். சென்சருக்கும் கோலுக்கும் முப்பது லீற்றர் இடைவெளி, கோல்தான் கூடக் காட்டியது. சில மாதமாகவே அப்படித்தான். தாங்கி மட்டமாகத்தான் நின்றது, தண்ணீரும் இல்லை. கோலைத் துடைத்து மேசையில் வைத்து அளவுநாடாவால் பார்த்தோம். மூன்று வருடம் தினமும் இரும்பு அடியில் குத்திக் குத்தி, பித்தளை நுனி ஐந்து மில்லிமீற்றர் தேய்ந்திருந்தது. புதிய கோலுக்கு ஜூபாவுக்கு எழுதிப் போட்டுவிட்டு, பழையதில் "5 மி.மீ. கழிக்கவும்" என்று ஒட்டுநாடாவில் எழுதிச் சுற்றினேன். விமானம் பதினொரு மணிக்கு.