சேலத்தில் டெகூபாஜ் சீலர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மர ட்ரே, பழைய டப்பா மேல் துணி ஒட்டி டெகூபாஜ் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளம்பிள்ளைத் தறிக்காரர்களிடம் வாங்கும் காட்டன் சேலைத் துண்டுகளை வைத்து டீ ட்ரே செய்து விற்கிறேன். ஏற்காட்டில் விடுதி நடத்தும் ஒருவர் மொத்தமாக ஆர்டர் கொடுத்திருந்தார். மலையில் பனிமூட்டம் அதிகம் என்பதால், டவுனில் ஒரு கைவினைப் பொருள் கடையில் "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, இம்போர்ட்டட் சீலர்" என்று சொன்னதைத்தான், துணியை ஒட்டவும் மேலே பூசவும், வாங்கினேன். தங்க நிற லேபிள், அரை லிட்டர், 650 ரூபாய்.

வேலையில் குறை வைக்கவில்லை. துணியைத் துவைத்துக் கஞ்சியை எடுத்து, சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, நூல் பிரியாமலிருக்க முதலில் ஒரு கோட் தடவிக் காயவிட்டுத்தான் வெட்டினேன். ஒட்டியபின் மேலே மெல்லிசாகச் சில கோட். ஒரு மாதம் ஆறப்போட்டுத்தான் அனுப்பினேன். சேலத்து வெயிலில் கண்ணாடி மாதிரி இருந்தது.

மலைக்குப் போன அந்த வாரமே போன் வந்துவிட்டது. நேரில் போய்ப் பார்த்தேன். ட்ரே முழுக்கப் பால் கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. டம்ளரை எடுத்தால் அடியில் வட்டமாகத் துணியும் சேர்ந்து உரிந்து வந்தது. விரலை வைத்தால் பிசுபிசு.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த பாட்டிலைத் துடைத்தபோது லேபிள் ஓரம் தூக்கிக்கொண்டது. உரித்தால் உள்ளே இன்னொரு லேபிள், பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசை! தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, மேலே தங்க லேபிள் ஒட்டி, மூன்று மடங்கு விலை வைத்திருக்கிறார்கள்.

நேர்மையான டெகூபாஜ் பசையும் அடிப்படையில் பி.வி.ஏ. எனும் வெள்ளைப் பசை வகைதான். மாட் பாட்ஜ் மாதிரி பிராண்டுகளின் சாதாரண வகைகூட வாட்டர்ப்ரூஃப் கிடையாது. முழுசாக இறுக நான்கு வாரம் ஆகும். டம்ளர் வைக்கும் சாமானுக்கு அதன் மேல் தனியாக வார்னிஷ் கோட் வேண்டும். "ஒரே பாட்டில், எல்லாத்தையும் தாங்கும்" என்றாலே கொஞ்சம் யோசியுங்கள்.

கடைக்காரரிடம் போனேன். "அக்கா, ஏற்காட்டு ஈரத்துல எந்தப் பசைதான் நிக்கும்?" என்று சிரித்தார். அந்த ஈரத்துக்காகத்தானே கேட்டு வாங்கினேன்! உரித்த லேபிளைக் காட்டியதும் சிரிப்பு போய்விட்டது. "பழைய பாட்டில மறுபடி யூஸ் பண்றோம், அவ்வளவுதான்" என்றார். பணம் மட்டும் வரவில்லை. விடுதிக்காரருக்கு முன்பணத்தை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். மனுசன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

பாக்கெட் சரக்கு எதுவானாலும் தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயர், முகவரி, அளவு, மாதம்-வருடம், எம்.ஆர்.பி., புகார் எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தங்க லேபிளில் விலையைத் தவிர ஒன்றும் இல்லை. மூடியில் சீலும் கிடையாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். போன வாரம் பார்த்தபோதும் கல்லாவுக்குப் பின்னால் அதே பாட்டில்கள் அடுக்கியிருந்தன. ஏற்கெனவே வாங்கியவர்கள் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிள் ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து உரித்துப் பாருங்கள். பில் இல்லாவிட்டாலும் ஜிபே கணக்கு இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.