வெந்நீருக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று: காங்கேயம் பகுதி வீட்டில் சோலார் பயன்பாட்டு அனுபவம்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதி, கொப்பரைக் களமும் நெல் களமுமாக வெயிலை நம்பியே தொழில் நடத்துகிற பகுதி. இங்கே எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 2014-இல் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரையும், 2024-இல் 3 கிலோவாட் மின்சாரப் பேனல்களையும் அமைத்தோம். பேனல் போட வந்தவர்கள், "பழைய ஹீட்டரைக் கழற்றிவிடுங்கள், இனி கரண்ட் செலவில்லை, கீசரே போதும்" என்று சொன்னார்கள். நாங்கள் கழற்றவில்லை. இரண்டையும் ஒருங்கே பயன்படுத்திப் பார்த்த பிறகு, அந்த முடிவு சரியானது என்றே உறுதியாகக் கருதுகிறேன். காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் தேவை. 200 லிட்டரை 30 டிகிரி உயர்த்த வேண்டுமானால், மின்சாரக் கணக்கில் அது சுமார் 7 யூனிட். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் தருகிறது. ஆகவே வெந்நீருக்காக மட்டுமே ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோவாட் பேனல், அதாவது எங்கள் 3 கிலோவாட்டில் பாதிக்கு மேல், உழைக்க வேண்டியிருக்கும். அதே வேலையை, நல்ல வெயில் நாளில், ஒரு கட்டில் போடும் இடத்தில் நிற்கும் 20 கண்ணாடிக் குழாய்கள் முடித்துவிடுகின்றன. தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கும் மேலானதை வெப்பமாகப் பிடிக்கக் கூடியவை அவை. பேனலோ ஐந்தில் ஒரு பங்கு அளவையே மின்சாரமாக மாற்றுகிறது. வெயிலாக வந்ததை மின்சாரமாக்கி, அதைப் பிறகு வெப்பமாக்குவதற்கு மாடியில் இடத்தைக் கொடுப்பது வீண் என்பதே என் கருத்து.

குழாய் வகை ஹீட்டரின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு குழாயும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு கண்ணாடிச் சுவர்களால் ஆனது. இடையில் காற்று முழுவதும் உறிஞ்சி எடுக்கப்பட்டிருப்பதால், உள்ளே புகுந்த வெப்பம் வெளியேற வழியில்லை. உட்சுவரின் மேலுள்ள கருநிறப் பூச்சு வெயிலை வாங்கிக்கொள்கிறது. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏற, டேங்கிலுள்ள குளிர்ந்த தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிறது. மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல் நாள் முழுவதும் இந்தச் சுழற்சி நடக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் பெய்லி என்பவர் 1909-இல் டேங்கை மேலே தனியாகப் பொருத்தி விற்ற ஹீட்டரின் அடிப்படையும் இதுவே. டேங்கைச் சுற்றியுள்ள பஃப் நுரைக் காப்பு நன்றாக இருந்தால், மாலையில் சேர்ந்த சூடு மறுநாள் காலைக் குளியல்வரை சில டிகிரிகளே குறைகிறது. தென்னை மட்டையும் பாளையும் எரித்து அண்டாவில் தண்ணீர் காயவைத்த எங்கள் வீட்டில், விடியற்காலையில் புகையில்லாமல் வெந்நீர் கிடைப்பது பெண்களுக்குப் பெரிய விடுதலை. பண மிச்சத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஹீட்டரை எங்கள் ஊரில் தீர்மானிப்பது வெயில் அல்ல, தண்ணீர். போர்வெல் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. கறுப்புத் தகட்டில் செம்புக் குழாய்கள் பதித்த தகடு வகை ஹீட்டரைப் பற்றி விசாரித்தபோது எங்கள் பிளம்பர், "ஏனுங்க, அதுல செம்புக் கொழாய் சன்னமா இருக்குமுங்க. நம்மூரு உப்புத் தண்ணிக்கு ரெண்டு வருசத்துல அடைச்சுப் போயிருமுங்க" என்றார். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீடுகளில் தகடு வகை நீண்ட காலம் நன்றாக உழைக்கும். போர்வெல் தண்ணீர் மட்டுமே உள்ள வீடுகளுக்குக் கண்ணாடிக் குழாய் வகையே பொருந்தும். அதிலும் படிவு சேராமல் இருப்பதில்லை. தண்ணீரின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது சுண்ணாம்பு வேகமாகப் பிரிகிறது. கோடையில் எங்கள் டேங்க் அந்த அளவை எளிதாகத் தாண்டும். ஒரு குழாயை உருவிக் கவிழ்த்தால், அடியிலிருந்து முட்டை ஓட்டைப் போன்ற வெண்ணிறச் செதில்கள் கைப்பிடி அளவு கொட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், குழாய்களைக் கழற்றிக் கழுவி, ரப்பர் வளையங்களைப் பார்த்து மாட்டிவிடுகிறோம். டேங்கினுள் இருக்கும் மெக்னீசியக் கம்பியையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். டேங்கை அரிக்க வேண்டிய உப்பு முதலில் அந்தக் கம்பியை அரித்துத் தீர்க்கும். கம்பி கரைந்துபோன பிறகு டேங்கின் பற்றவைப்பு ஓரங்களில் அரிப்பு தொடங்கிவிடும்.

கழுவும்போது குழாயின் மூடிய நுனியைக் கவனியுங்கள். உள்ளே வெள்ளி போலப் பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். அது பேரியம். கண்ணாடிச் சுவர்களுக்கு இடையே காற்று புகுந்துவிட்டால் அது பால்போல வெளுத்துவிடும். வெளுத்த குழாய் பார்வைக்கு முழுதாக இருந்தாலும் வெப்பத்தைப் பிடித்துவைக்காது; அதை மட்டும் மாற்றினால் போதும். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன்: கழுவிய குழாய்களில் வெயில் ஏறிய பிறகு தண்ணீரைத் திறக்கக் கூடாது. சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். வேலையைப் பொழுது விடிவதற்குள் முடித்து, நிரப்பிவிடுவதே நல்லது.

ஹீட்டரின் உண்மையான குறை ஐப்பசி, கார்த்திகையில் தெரியும். வெந்நீர் மிகவும் தேவைப்படும் அந்த மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையின் மேகம் தொடர்ந்து கவிகிறது. இரண்டு நாள் தொடர்ந்து வெயில் இல்லையென்றால் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். டேங்கிலுள்ள மின்காயிலைப் போட்டே ஆக வேண்டும். சித்திரை வைகாசியிலோ யாரும் கேட்காத கொதிநீர் நிரம்பி வழியும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் குளிர்ந்த தண்ணீரைக் கலக்கும் மிக்சர் குழாய் கட்டாயம் வேண்டும்.

பேனலின் செயல்பாடு முற்றிலும் வேறு. சிலிக்கான் செல்லின் மீது ஒளி படும்போது எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓட்டமெடுக்கின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதன்முதலில் பயனுள்ள சிலிக்கான் செல் உருவானபோது அதன் திறன் 6 சதவீதமே. இன்று வீட்டுப் பேனல்கள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. பேனலுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்கு ஆகாது. பெட்டியில் அச்சிட்ட வாட் அளவு செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீத அளவில் உற்பத்தி குறைகிறது. கோடை நண்பகலில் செல்லின் சூடு 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் இழப்பு. அதனால்தான், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றித் தரும் எங்கள் இன்வெர்ட்டரின் திரையில், அதிக அளவுகள் வைகாசியில் வராமல், வானம் தெளிந்து காற்றும் குளிர்ந்திருக்கும் மாசியில் வருகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும் நாட்களில், மேகம் விலகிய நொடியில் உற்பத்தி சட்டென்று உயர்வதைப் பார்க்கலாம். மேகத்தை ஓட்டிவரும் அதே காற்று பேனலைக் குளிரவும் வைக்கிறது.

ஆனால் அந்தக் காற்றை இலேசாக எண்ணிவிடக் கூடாது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. பேனல்களை எட்டடி உயரச் சட்டத்தில் ஏற்றியதால் கீழே வடகம் காயவைக்கவும் துணி உலர்த்தவும் இடம் மிஞ்சியது, மேல்தள அறையின் அனலும் தணிந்தது. ஆனால் அத்தனை உயரத்துக்குத் துத்தநாகம் பூசிய தடித்த இரும்புக் (ஜி.ஐ.) கம்பங்களும், தூண்களோடு பிணைத்த கான்கிரீட் அடித்தளமும் இல்லாவிட்டால் ஆபத்து. சாய்வைப் பொறுத்தவரை, நம் பகுதி 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் தெற்கு நோக்கி 11 டிகிரி அளவில் இருந்தால் போதும். சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பகுதிவரை உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்தே விழுகிறது என்பதால், அதிகச் சாய்வு அந்த மாதங்களில் இழப்பையே தரும்.

நிழல் பேனலுக்குப் பெரிய பகை. பக்கத்துத் தோப்பின் தென்னை ஒன்று வளர்ந்து, அதன் ஒற்றை ஓலையின் நிழல் மாலை மூன்று மணிக்கு மேல் ஒரு பேனலின் மூலையில் விழத் தொடங்கியது. தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் உற்பத்தி குறைந்தால் மொத்த வரிசையும் பாதிக்கப்படுகிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சொன்னதும், காய் பறிக்க வந்த ஆளை விட்டே அந்த ஓலையை இறக்கிக் கொடுத்தார். மயில்கள் இன்னொரு தொல்லை. விடியற்காலையில் உயரமான இடம் தேடி வந்து பேனல் விளிம்பில் அமர்ந்து எச்சமிட்டுவிடுகின்றன. அரிசி ஆலைகளின் உமிச்சாம்பலும் படிகிறது. துடைக்கும்போது போர்வெல் தண்ணீரை ஊற்றி அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வெண்திட்டுகள் தங்கிவிடும். பிறகு அவற்றை எடுப்பது எளிதல்ல. பிடித்துவைத்த மழைநீரைப் பயன்படுத்தி, ரப்பர் வைப்பரால் உடனே வழித்துவிடுவோம். இதையும் வெயிலுக்கு முன்பே செய்ய வேண்டும்.

செலவு பற்றிச் சுருக்கமாக: 2024 பிப்ரவரியில் தொடங்கிய, வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை வந்துவிடும்; பேனல் போட்ட பின் எங்கள் நிகரப் பயன்பாடு அந்தக் கோட்டுக்குள் வந்ததுதான் பில் குறைந்ததற்கு முதன்மைக் காரணம். ஆனால் நாம் எடுக்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்புவதையும் தனித்தனியே கணக்கிடும் இருவழி மீட்டர் பொருத்த எங்களுக்கு வெகுவாகத் தாமதமானது. அதுவரை இன்வெர்ட்டரை அணைத்தே வைத்திருந்தோம். பழைய மீட்டர்களில் சில, நாம் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் நாம் பயன்படுத்தியதாகவே எண்ணிவிடும் என்பதால், நிறுவியவர்கள் அவசரப்படுத்தினாலும் இதில் பொறுமை வேண்டும்.

மின்தடை நேரத்தில் உச்சிவெயிலிலும் இந்த அமைப்பு நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மீது மின்சாரம் பாயாதிருக்க, லைனில் கரண்ட் போன உடனே இன்வெர்ட்டர் தானாக நிறுத்திக்கொள்கிறது. பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால் தொடர்ந்து இயங்கும். ஆனால் விலை கணிசமாக உயரும். எங்கள் பகுதியில் பராமரிப்புக்கான மின்தடையைத் தவிர நீண்ட தடை அரிது என்பதால், விளக்குக்கும் விசிறிக்கும் ஏற்கெனவே இருந்த சிறிய பேட்டரி இன்வெர்ட்டரையே வைத்துக்கொண்டோம். ஹீட்டருக்கு மின்தடையால் எந்தப் பாதிப்பும் இல்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை வெந்நீர் வந்துகொண்டே இருக்கிறது.