14,000 ரூபாய்க் காற்றுத் துப்பாக்கியும் போடாமல் விட்ட மரையும்

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி நீளவாக்கில் 12 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. ஒரு முனையில் ஆளுயரச் செங்கல் சுவரும் உண்டு. 10 மீட்டர் தூரக் காகித இலக்கைச் சுட்டுப் பழக இந்த இடம் போதும் என்று கணக்குப் போட்ட பிறகே துப்பாக்கி வாங்கக் கிளம்பினேன். பதினைந்து வயது மகளுக்கு அடிப்படைப் பயிற்சி தரவேண்டும், செலவு 15,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளைத் தவிர வேறு எதுவும் என் மனத்தில் இல்லை.

இந்தத் தொகைக்குள் கிடைப்பவை பெரும்பாலும் உள்நாட்டில் செய்த, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகைத் துப்பாக்கிகளே. 4.5 மில்லிமீட்டர், அதாவது 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்டவற்றுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அடையாள அட்டையின் நகலைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அரை கிராமை ஒட்டிய எடையுள்ள ஈயக் குண்டு 20 ஜூலைத் தொடவேண்டுமானால் நொடிக்கு ஏறக்குறைய 280 மீட்டர் வேகத்தில் புறப்பட வேண்டும்; காகிதத்தைத் துளைக்க அதில் பாதி வேகமே தாராளம். கடையில் வேகத்தைச் சொல்லியே விற்கிறார்கள். வாங்குபவர் பார்க்க வேண்டியது விரலால் இழுக்கும் விசை எவ்வளவு மென்மையாக விடுகிறது, குறிபார்க்கக் கண்ணருகே உள்ள பின் குறிகாட்டி ஆடாமல் நிற்கிறதா, மடக்கிய குழல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து பூட்டிக்கொள்கிறதா என்பவற்றைத்தான்.

நான் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கியது இவற்றுள் மூன்றாவதில் நன்றாகத் தேறியது. முதலாவதில் சுமார். மீன் எடை போடும் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தபோது விசை விடுபட 1.8 கிலோ இழுப்புத் தேவைப்பட்டது. பிள்ளையின் விரலுக்கு இது அதிகம். பின் குறிகாட்டியோ பெட்டியைத் திறக்கும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாற்றித் தரும்படி கேட்டதற்கு இரண்டு திருகுகளை இறுக்கிக் கொடுத்ததோடு கடைக்காரர் கடமையை முடித்துக்கொண்டார். முதல் ஐம்பது அறுபது குண்டுகளுக்கு எண்ணெய் எரிந்து புகை வந்தது. பெரும்பாலான புது ஸ்பிரிங் துப்பாக்கிகளில் இது உண்டு, நாளடைவில் அடங்கியது. குண்டு வகையில்தான் பெரிய வேறுபாடு தெரிந்தது. கடையில் சேர்த்துக் கொடுத்த மலிவான குண்டுகள் ஐந்தும் 10 மீட்டரில் 26 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவின. தட்டைத் தலை கொண்ட ஜெர்மன் குண்டுகள் ஐந்தும் 12 மில்லிமீட்டருக்குள் அடங்கின. பந்தய இலக்கின் மொத்த விட்டமே 45.5 மில்லிமீட்டர், நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

சத்தம்தான் எதிர்பாராத தொல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மதியத் தூக்கம் கலைந்து, "தம்பி, தினமும் என்னத்தப்பா அடிக்கிறீங்க?" என்று மாடிப்படி ஏறியே வந்துவிட்டார். குழல்வாயில் மரை, அதாவது திருகுப் புரி வெட்டி, ஓசையைக் குறைக்கும் ஒரு சைலன்சரைத் திருகிவிட்டால் தீர்ந்தது என்று நண்பர் ஒருவர் சொல்ல, அதையும் நம்பிச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் குழலைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மரை போடுறது பெரிய வேலை இல்லீங்க சார், ஆனா துப்பாக்கிக் குழல்ல நான் கை வைக்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தார். அப்போது சற்று ஏமாற்றமாக இருந்தது. வீடு திரும்பிச் சட்டத்தைப் படித்த பிறகு அவருக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன். சுடும் ஓசையைக் குறைக்கும் உறுப்புகளை ஆயுத விதிகள் தானியங்கித் துப்பாக்கிகள் இருக்கும் அதே முதல் வகைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியல் தோட்டாத் துப்பாக்கிகளின் உறுப்புகளைப் பற்றியது என்று வாதாடலாம்தான். காவல் நிலையத்தில் நின்றுகொண்டு அந்த வாதத்தைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வெட்டியிருந்தாலும் பயன் சொற்பமே. ஸ்பிரிங் துப்பாக்கியில் கேட்கும் ஒலியில் பெரும்பகுதி குழல்வாயிலிருந்து வருவதன்று. உள்ளே இறுகிய ஸ்பிரிங் விடுபட்டு, பிஸ்டன் பாய்ந்து முனையில் மோதி, ஸ்பிரிங்கும் சேர்ந்து அதிர்வதால் எழுவது அது. முன்னுள்ள மூடியால் பின்னால் நடப்பதை அடக்க முடியாது. அத்துடன், குழல்வாயின் விளிம்பு குண்டு கடைசியாகத் தொடும் இடம். அங்கே கோணல் விழுந்தால் இருக்கிற துல்லியமும் போய்விடும்.

உண்மையில் பெரியவரை எழுப்பியது துப்பாக்கியே அன்று. இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுக்க வைத்திருந்த தகரப் பெட்டிதான் எழுப்பியது! அதே பட்டறைக்காரரிடம் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், பின்பலகை சரிவாக அமைந்த ஒரு பெட்டி செய்து தரச் சொன்னேன். 900 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று நாளில் மிக நேர்த்தியாகச் செய்து கொடுத்தார். அதற்குள் தறிக்கூடத்துக் கழிவு நூலை இறுக்கமாக அடைத்தேன். அதன் பிறகு குண்டு மோதும் ஓசை தலையணையைத் தட்டுவது போலத்தான் கேட்கிறது. கடை மெக்கானிக்கிடம் 400 ரூபாய் கொடுத்து ஸ்பிரிங்குக்குக் கெட்டியான கிரீஸ் தடவச் செய்ததில் அதிர்வோசையும் பாதியாகக் குறைந்தது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் இதை வீட்டில் பிரிக்கக் கூடாது, முகத்தில் அடித்துவிடும்.

பள்ளி விடுமுறையில் இதை ஏற்காட்டில் மைத்துனரின் காப்பித் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றோம். 1,500 மீட்டர் உயரத்தின் மூடுபனியில் நான்கே நாளில் குழலின் கீழ்ப்பக்கம் துரு பூத்துவிட்டது. கருப்புப் பூச்சு அவ்வளவு மெல்லியது. இரவுதோறும் எண்ணெய்த் துணியால் துடைத்த பிறகே நின்றது. தோட்டத்து ஆட்கள் குரங்கை விரட்ட இதைக் கேட்டார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தைச் சொல்லி மறுத்துவிட்டேன்.

போட்டிக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம்; ஸ்பிரிங் இல்லாமல், முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றில் இயங்கும் துப்பாக்கிக்குச் சேமிப்பதே நல்லது. மாடியில் பழக விரும்புபவர்கள் வாங்கலாம். ஆனால் கடையிலேயே குறிகாட்டியைச் சரிபார்த்துவிட்டு, 14,000 ரூபாயோடு நல்ல குண்டுக்கும் இரும்புப் பெட்டிக்குமாக இன்னும் 2,000 ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். என் பட்ஜெட் அதனால்தான் உடைந்தது. பெரியவர் இப்போது ஞாயிறு காலைகளில் மாடிக்கு வந்து, மகள் சுட்ட காகிதங்களில் துளைகளை எண்ணிக் கொடுக்கிறார்.