45 வயதுக்கு மேல் வேலைவாய்ப்பு முகாம்: கிருஷ்ணகிரி, தருமபுரியில் எவ்வளவு பயன்?

மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. நடுவில் யாராவது பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். ஆனால் பல வருடம் வேலையில்லாமல் இருந்து 45 வயதில் போகிறவர்கள் எந்த மேசை என்று பார்த்து உட்கார வேண்டும். ஓசூர் அசெம்பிளி லைன் வேலைக்குப் பெரும்பாலும் இளவயதினரைத்தான் கேட்கிறார்கள். அந்த வரிசை நேர விரயம். ஸ்டோர்ஸ், செக்யூரிட்டி, ஓட்டுநர், கணக்கு மேசைகளில் வயது அவ்வளவு இடிக்காது. மாங்கூழ் ஆலைகளும் ஆள் எடுக்கும், சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது.

பலரும் கோட்டை விடுவது பழைய பி.எஃப். கணக்கில். புது நிறுவனத்தில் பழைய யு.ஏ.என். எண்ணையே (நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள். ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதியோடு பி.எஃப். கணக்கில் உள்ளவை பொருந்தாவிட்டால் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) நின்றுவிடும்; முகாமுக்கு முன்பே திருத்துவது நல்லது. முன்பு 7 ஆண்டு வேலை பார்த்து, ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் விட்டவருக்கு இன்னும் 3 ஆண்டு போதும். மொத்தம் 10 ஆண்டாகி 58 வயதில் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடும். படிவம் 10சி கொடுத்துப் பணத்தை எடுத்தவருக்கு அந்தப் பழைய ஆண்டுகள் சேராது. (முகாமில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, பெரிய குறை.)

சம்பளத்தைக் 'கையில் எவ்வளவு' என்றே கேளுங்கள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 12% பி.எஃப். போகும், 21,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75% பிடித்தம். பிடிக்கிறார்களே என்று முகம் சுளிக்க வேண்டாம், இந்த வயதில் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைப்பது பாதிச் சம்பளம் கிடைத்த மாதிரி.