ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்: பைலட்டா, முதல் எபிசோடா?

ஜேம்ஸ் கார்னர் துப்பறிவாளர் ராக்ஃபோர்டாக நடித்த இந்தத் தொடரை எங்கிருந்து தொடங்குவது என்று குழம்புபவர்களுக்கு:

நேரம்
பைலட் (தொடருக்கு முன்னோட்டமாக எடுத்தது): 1974 மார்ச்சில் வந்த டிவி படம். மறுஒளிபரப்புக்காக இரண்டாக வெட்டினார்கள். பட்டியலில் இரண்டு பகுதியாக இருந்தால் சேர்த்தே பாருங்கள்.
முதல் எபிசோடான ‘தி கிர்காஃப் கேஸ்’: 1974 செப்டம்பர். விளம்பரம் போக ஒரு மணிக்கும் குறைவு.

வழக்கு
பைலட்: குடிகார அப்பாவின் சாவை விசாரிக்கச் சொல்லும் மகளாக லிண்ட்சே வாக்னர்.
கிர்காஃப்: பெற்றோரைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் பணக்காரப் பிள்ளை, ஜேம்ஸ் வுட்ஸ். பின்னாளில் பெரிய நடிகரான அவரை இளமையில் பார்க்கலாம்.

ராக்ஃபோர்டின் அப்பா ராக்கி
பைலட்டில் ராபர்ட் டோன்லி. கிர்காஃபிலிருந்து நோவா பீரி ஜூனியர். ஆள் மாறியது தெரியாமல் பார்த்தால் குழப்பம்தான். அப்பா-மகன் வாய்ச்சண்டையின் சுவை பீரி வந்தபிறகே.

சண்டை
இதில் பைலட்டை அடிக்க ஆளில்லை. கழிவறைத் தரையில் திரவ சோப்பைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறார் ராக்ஃபோர்ட். மலை மாதிரி ஆள் வழுக்கி விழுகிறான். பலத்தைவிடத் தந்திரத்தை நம்பும் ஆள் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறதா? கிர்காஃப். 1980 வரை ஓடிய தொடர் முழுவதையும் பார்ப்பதாக இருந்தால் பைலட்.